பெரியப்பா கை வைத்த மிக்-21: படையில் இருந்தவருக்காக ஒரு மாதிரி விமானம் செய்வது எப்படி

எங்கள் ஊர் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளை ஃபோட்டோ மாட்டியிருக்கும். ஏழு பேர் வரிசையாக நிற்கிறார்கள், பின்னால் ஒரு மிக்-21 போர் விமானம். வலது ஓரத்தில் பெரியப்பா. இடுப்பில் ஒரு துண்டுத் துணியைச் செருகிக்கொண்டு, ஒரு கையை இறக்கையின் விளிம்பில் வைத்திருக்கிறார். பின்பக்கம் ஊதா மையில் 'குவஹாத்தி 1971' என்று எழுதியிருக்கும். அவர் பைலட் இல்லை. விமானப் படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டர், அதாவது விமானத்தின் உடம்பைப் பார்த்துக்கொள்கிற ஆள்.

அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதிரி விமானம் செய்து கொடுத்தேன். பெட்டியில் மிக்-21 என்று போட்டிருந்தது, இந்திய வட்டச் சின்னமும் இருந்தது. வேறென்ன வேண்டும் என்று வாங்கி, ஒன்றரை மாதம் உட்கார்ந்து ஒட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா பண்ணிருக்கடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நம்ம ஏர்கிராஃப்ட் இல்லையே இது" என்றார். நான் செய்திருந்தது மிக்-21 பிஸ் என்ற பிற்கால வகை. அவர் வேலை பார்த்தது மிக்-21 எஃப்எல். எனக்கு இரண்டும் ஒன்று. அவருக்கு அடுத்த வீட்டுக்காரர் படத்தைக் கொடுத்து 'இதுதான் நீங்கள்' என்று சொன்னதுபோல இருந்திருக்கும்.

அவர் போன பிறகு, பெரியம்மாவுக்காக இரண்டாவது முறை செய்தேன். இந்த முறை அந்த ஃபோட்டோவில் இருக்கிற விமானத்தையே. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த இரண்டு விமானங்களும் சொல்லிக்கொடுத்தவை. உங்கள் தாத்தாவோ மாமாவோ வேறு விமானத்தில் வேலை பார்த்திருந்தாலும் முறை இதேதான்.

முதலில் பீரோவைத் திறங்கள்

கிட் (ஒட்டிச் செய்யும் பாகங்கள் அடங்கிய பெட்டி) வாங்குவதற்கு முன்னால் குறைந்தது ஒரு மாதம் இதற்கு ஒதுக்குங்கள். அவசரப்பட்டு வாங்கினால் என் கதைதான்.

படையிலிருந்து விலகும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. சேர்ந்த தேதி, டிரேட் எனப்படும் வேலைப் பிரிவு, ரேங்க், விலகிய தேதி எல்லாம் அதில் இருக்கும். அது இல்லையென்றால் மெடல்களைப் பாருங்கள். 1971 பாகிஸ்தான் போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். 1965 போருக்குச் சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா மெடலும். எந்தப் பக்கம் இருந்தார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லாத வீட்டில்கூட இந்த ஒரு வில்லை விஷயத்தைச் சொல்லிவிடும். மெடலின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் சர்வீஸ் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். அந்த நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆவணம் கேட்டு டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள விமானப் படை ஆவண அலுவலகத்துக்கு எழுதினாலும் சரி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய் விசாரித்தாலும் சரி, முதல் கேள்வி அந்த நம்பர்தான்.

அப்புறம் ஃபோட்டோ. பழைய ஃபோட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ஃபிரேமோடு வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்வாகப் பிடித்து, பளிச்சென்ற பிரதிபலிப்பு விழாத கோணத்தில் படம் எடுங்கள். தனியாக எடுக்க முடிந்தால் 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். எங்கள் ஃபோட்டோவில் இருபது வருஷமாக யாரும் கவனிக்காத ஒரு 'C'யும் இரண்டு எண்களும் ஸ்கேனில்தான் தெரிந்தன. எஃப்எல் விமானங்களின் எண் C-யில் தொடங்கும். மீதி எண்ணைப் பெரியப்பாவின் தோள் மறைத்திருந்தது.

கடைசியாக மனிதர்கள். அவர் உயிரோடு இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். 'எந்த விமானம்?' என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் முடிந்துவிடும். 'காலையில் போனதும் முதலில் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். மூக்கின் உறையைக் கழற்றுவது, டயரைத் தட்டிப் பார்ப்பது, ராத்திரி பெய்த மழைத் தண்ணீரை இறக்கையிலிருந்து துடைப்பது என்று வரிசையாக வரும். மாதிரியில் காட்ட வேண்டியவை அவைதான். அவர் இல்லையென்றால் கூட வேலை பார்த்தவர்கள் யாராவது இருப்பார்கள். பெரியப்பாவோடு இருந்த மாமா ஒருவர் இப்போது ஆவடிப் பக்கம் இருக்கிறார். பச்சை பெயின்ட் பற்றி அவரிடம் ஃபோனில் கேட்டேன்.

"ஸ்ப்ரே கன்னா? அதுக்கெல்லாம் ஏதுப்பா நேரம்! பிரஷ்ஷைக் கையில குடுத்து அடிங்கடான்னாங்க. ஒரு இறக்கைய நான் அடிச்சேன், இன்னொண்ண உங்க பெரியப்பா அடிச்சாரு. ரெண்டும் ஒண்ணுபோல இல்லன்னு ஒரு வாரம் சிரிச்சோம்."

இந்த ஒரு பதில் என் வேலைத் திட்டத்தையே மாற்றிவிட்டது. பெயின்ட் அடிக்கும் இடத்தில் சொல்கிறேன்.

எந்த விமானம், எந்த வகை

மிக்-21 இந்தியாவுக்கு வந்தது 1963-இல். சண்டிகரில் உருவான 28-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவுதான் முதலில் வாங்கியது. அதிலிருந்து 2025 செப்டம்பர் 26-இல் சண்டிகரிலேயே பைசன் என்ற கடைசி வகை ஓய்வு பெறும்வரை அறுபத்திரண்டு வருஷம். அத்தனை காலத்தில் வகைகள் மாறிக்கொண்டே வந்தன. 1971 போரில் முக்கியமாகப் பறந்தது எஃப்எல், படையில் 'டைப் 77' என்பார்கள். நாசிக்கில் ஹெச்ஏஎல் என்ற அரசு விமான ஆலையில் கட்டியது. டிசம்பர் 6-இல் டாக்காவின் தேஜ்காவ் ஓடுதளத்தைக் குண்டு போட்டு உடைத்ததும், டிசம்பர் 14-இல் ஆளுநர் மாளிகையின் மேல் 57 மி.மீ. ராக்கெட்டுகளை விட்டதும் இந்த மிக்-21கள்தான். அதே மாதம் 12-ஆம் தேதி மேற்கே கட்ச் வளைகுடாவின் மேல் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் ஒன்றைப் பீரங்கியால் வீழ்த்தியதும் எஃப்எல்தான்.

எஃப்எல்லைப் பிற்கால வகைகளிலிருந்து பிரித்துப் பார்க்க மூன்று இடம் போதும். கேனபி எனப்படும் கண்ணாடி மூடி: எஃப்எல்லில் ஒரே துண்டு, கீல் முன்பக்கம், பின்பக்கம் மேலே தூக்கும். பிற்கால வகைகளில் முன்கண்ணாடி தனியாக நிற்கும், மூடி பக்கவாட்டில் திறக்கும். அடுத்து முதுகு: எஃப்எல்லுக்கு ஒல்லியான முதுகு, பிஸ்ஸுக்குத் தடித்துப் புடைத்த முதுகு. மூன்றாவது பிட்டோ, மூக்கிலிருந்து நீளும் ஊசிக்குழாய்: எஃப்எல்லில் மூக்கின் உச்சியில் நடுவாக இருக்கும், பிற்கால வகைகளில் சற்று ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். நான் முதல் முறை செய்த தப்பு இந்த மூன்றிலும் இருந்தது. பெரியப்பா காட்டியது கேனபியை மட்டும்தான். மீதியைப் பாவம் பார்த்து விட்டிருப்பார்.

பெட்டியில் எஃப்எல் என்று அச்சடித்த கிட் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் பிஎஃப் வகை கிட்டை எடுத்து, நிமிர்ந்த வால் அகலமாக இருக்கிறதா, அதன் அடியில் பிரேக் பாராசூட் வைக்கும் உருளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எஃப்எல்லுக்கு மிகவும் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். வயிற்றின் அடியில் தனியாகத் தொங்கும் பீரங்கிக் கூடு ஜிபி-9-ஐயும் தேடிக்கொள்ளுங்கள். எஃப்எல்லுக்கு உள்ளே பீரங்கி கிடையாது, 1971-இல் இந்தக் கூட்டை மாட்டிக்கொண்டும் பறந்தார்கள்.

உங்கள் உறவினர் கடற்படையில் இருந்தவரா? 1971-இல் ஐஎன்எஸ் விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இருந்திருந்தால் விமானம் சீ ஹாக் அல்லது அலிசே. விமானப் படையில் நாட் என்ற சிறு போர் விமானத்தின் ஸ்குவாட்ரனில் இருந்திருந்தால் கவனம், கடையில் கிடைக்கும் நாட் கிட்டுகளில் பல இரண்டு இருக்கைப் பயிற்சி விமானங்கள். 1971-இல் போய்ரா வான்சண்டையில் பறந்தது ஒற்றை இருக்கை.

அளவு விஷயத்தில், அதாவது நிஜத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்பதில், மூன்று வழக்கம். மிக்-21-இன் இறக்கை அகலம் 7.15 மீட்டர். 1/72 அளவில் அது 10 செ.மீ. ஆகும், 1/48-இல் 15 செ.மீ., 1/32-இல் 22 செ.மீ. நான் 1/48-ஐச் சொல்வேன். 1/72-இல் பக்கத்தில் நிற்கிற ஆள் இரண்டரை செ.மீ. கூட வரமாட்டார், அவருக்கு முகம் என்று ஒன்று இருக்காது. 1/48-இல் மூன்றரை செ.மீ., இடுப்புத் துணியைக்கூடக் காட்டலாம். 1/32 நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஷோகேஸைப் புதிதாக வாங்க வேண்டியிருக்கும்.

கருவிகள்

பெரிய பட்டியல் வேண்டாம். பாகங்களை வெட்டி எடுக்க நல்ல நிப்பர் ஒன்று, கூர்மையான மாடல் கத்தி ஒன்று, 400-லிருந்து 2000 வரை தண்ணீர்பட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட், மாஸ்கிங் டேப், இரண்டு நல்ல பிரஷ். நிப்பரில் காசைப் பார்க்காதீர்கள். நகவெட்டியால் வெட்டினால் பாகத்தின் விளிம்பு வெள்ளையாக நசுங்கும், அதை மறைக்க அரை நாள் போகும்.

மீதி வீட்டிலேயே இருக்கிறது. துணி கிளிப், பல்குத்தி, பழைய எவர்சில்வர் தட்டு, ஃபெவிகால், இடுக்கு அடைக்க எம்-சீல். நகப்பூச்சு நீக்கும் திரவத்தை மட்டும் பக்கத்திலேயே வைக்காதீர்கள். அதில் உள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். முதல் விமானத்தின் ஒரு வால் இறக்கை எனக்கு அப்படித்தான் வெல்லப்பாகு மாதிரி ஆனது.

ஒட்டுவது

பாகங்கள் எல்லாம் சட்டத்தில் இருக்கும்போதே பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது. வெட்டும்போது பாகத்தை ஒட்டி வெட்டாமல் கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேயுங்கள். எதையும் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு முறை பொருத்திப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் சிமென்ட் அதைப் பொருத்திவிடாது.

பைலட் உட்காரும் அறையிலிருந்துதான் எல்லா வழிமுறைத் தாள்களும் தொடங்கும். நிறையப் பேர் இங்கேயே இரண்டு மாதம் செலவழித்துவிட்டு மீதியைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். கேனபியை மூடித்தான் வைக்கப் போகிறீர்கள் என்றால் உள்ளே இருப்பது பாதிதான் தெரியும். இருக்கை, அதன் பெல்ட், முன்பலகையில் கறுப்பு வட்டங்கள், அவ்வளவு போதும். ஃபிட்டரின் விமானத்தில் பார்க்கிறவர் கண் உள்ளே போகாது, சக்கரத்துக்குத்தான் போகும்.

உடம்பின் இரண்டு பாதிகளை மூடுவதற்கு முன்னால் எடை பார்ப்பது முக்கியம். எல்லாவற்றையும் டேப்பால் சேர்த்துக் கட்டி, முக்கிய சக்கரம் வரும் இடத்தில் இரண்டு விரலால் தாங்கிப் பாருங்கள். வால் பக்கம் சாய்ந்தால் மூக்குக் கூம்புக்குள் தூண்டில் ஈயத்தை வைத்து எம்-சீலால் அடையுங்கள். பாதிகளை ஒட்டின பிறகு இதை யோசித்தால் விமானம் காலம் முழுக்க வாலில் உட்கார்ந்திருக்கும்.

பாதிகளை ஒட்டும்போது விளிம்பில் சிமென்ட்டை விட்டு லேசாக அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் நூல்போல வெளியே பிதுங்கும். பிதுங்கட்டும். ஒரு நாள் காயவிட்டு அதைத் தேய்த்து எடுத்தால் இணைப்புக் கோடே தெரியாது. மிக்-21-இன் உடம்பு ஒரு குழாய், முதுகிலும் வயிற்றிலும் கோடு தெரிந்தால் எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் பொம்மையாகவே நிற்கும். இங்கே மட்டும் சோம்பல் படாதீர்கள். 400, 800, 1200 என்று வரிசையாகத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும்.

கேனபியை உடனடிப் பசையால் ஒட்டக் கூடாது, அதன் ஆவி பட்டு உள்பக்கம் பனி படிந்ததுபோல வெளுத்துவிடும். ஃபெவிகாலைப் பல்குத்தியால் தொட்டு ஒட்டுங்கள். காய்ந்தால் கண்ணாடிபோல ஆகும், தப்பாகப் போனால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

பெயின்ட்: முதலில் வெள்ளி, மேலே பச்சை

எஃப்எல் விமானங்கள் படைக்கு வந்தபோது பளபளக்கும் உலோக நிறத்தில்தான் இருந்தன. போர் வந்ததும், தரையில் நிற்கும்போது மேலேயிருந்து தெரியக் கூடாது என்று அவசரமாகப் பச்சை அடித்தார்கள். அந்தந்தத் தளத்திலேயே கையால் அடித்தது பல. அதனால் 1971-இன் மிக்-21 ஃபோட்டோக்களில் ஒரு விமானத்தின் வரிகள் இன்னொன்றில் இருக்காது. கிட்டின் வண்ணத்தாளில் இருப்பது யாரோ ஒருவருடைய விமானம். உங்கள் வீட்டு ஃபோட்டோவில் இருப்பதுதான் உங்களுக்கு ஆதாரம். கறுப்பு வெள்ளையில் பச்சை எந்தப் பச்சை என்று தெரியாதுதான், ஆனால் எது அடர்ந்தது, எது வெளிறியது, வரி எங்கே முடிகிறது என்று தெரியும். ஓய்வுபெற்ற மிக்-21களைப் பல ஊர்களில் மேடையில் நிறுத்தியிருக்கிறார்கள். உருவத்துக்கும் சக்கரத்துக்கும் அவற்றைப் பார்க்கலாம், பெங்களூரு ஹெச்ஏஎல் அருங்காட்சியகம் போகும்படி இருந்தால் நல்லது. நிறத்துக்கு மட்டும் அவற்றை நம்பாதீர்கள், மேடையில் ஏற்றும்போது புதிதாக அடித்திருப்பார்கள்.

வேலை முறையும் நிஜ விமானத்தைப் போலவே. முதலில் முழுசாக வெள்ளி. டமியா ஏஎஸ்-12 ஸ்ப்ரே டப்பா இதற்கு நன்றாக இருக்கும். வெள்ளி நிறம் எந்தக் கீறலையும் மறைக்காது, காட்டிக்கொடுக்கும். அதனால் 2000 உப்புத்தாள்வரை தேய்த்துவிட்டு அடியுங்கள். மொட்டை மாடியில், காற்று இல்லாத நேரத்தில், முகமூடி போட்டுக்கொண்டு, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, நான்கைந்து மெல்லிய பூச்சாக. கடலோர ஊர்க்காரர்கள் ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். காற்றில் ஈரம் அதிகமானால் பூச்சு பால் ஊற்றியதுபோல வெளுக்கும். பங்குனியில் பத்து மணி வெயிலில் அடித்தது எனக்குப் பதினைந்து நிமிடத்தில் காய்ந்தது.

இரண்டு நாள் கழித்துப் பச்சை. இங்கே ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள்கூட அதை ஓரமாக வைத்துவிடுங்கள். அவர்கள் பிரஷ்ஷால் அடித்ததை நாமும் பிரஷ்ஷால் அடிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அக்ரிலிக் பெயின்ட்டை மோர்ப் பதத்துக்குக் கரைத்து, தட்டையான பிரஷ்ஷில் பாதி மட்டும் தோய்த்து, மூக்கிலிருந்து வால் பக்கமாக ஒரே திசையில் இழுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாக, பயமுறுத்தும்படி இருக்கும். கை வைக்காமல் காயவிடுங்கள். பாதி காய்ந்ததன் மேல் திரும்ப இழுத்தால் கீழே இருப்பது உரிந்து வரும். இரண்டாவது பூச்சில் திட்டு குறையும், அங்கேயே நிறுத்தலாம். மூன்றாவது பூச்சு போட்டால் தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோல ஆகிவிடும், அது நமக்கு வேண்டாம்.

மாமா சொன்னதைக் கேட்ட பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு இறக்கையை நான் அடித்தேன், இன்னொன்றைப் பெரியப்பாவின் மகள், எங்கள் அக்கா, அடித்தார். அவர் அதுவரை பெயின்ட் பிரஷ்ஷைத் தொட்டதில்லை. "இவ்ளோதானா, கதவுக்கு அடிக்கிற மாதிரிதான" என்று சொல்லிக்கொண்டே அரைமணி நேரத்தில் முடித்தார். இரண்டும் ஒன்றுபோல இல்லை. உங்கள் வீட்டிலும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காய்ந்ததும் பல்குத்தியால் சில இடங்களில் பச்சையை லேசாகச் சுரண்டினால் அடியிலிருந்து வெள்ளி எட்டிப் பார்க்கும். இறக்கையின் முன்விளிம்பு, ஏணி சாயும் இடம், அடிக்கடி திறக்கும் மூடிகளின் ஓரம். ஆட்கள் கை படும் இடத்தில் மட்டும். எல்லா இடத்திலும் சுரண்டினால் பழைய இரும்புக் கடைச் சரக்காகிவிடும், அவர்கள் அப்படி விட்டிருக்க மாட்டார்கள்.

டீகால்

சின்னங்களையும் எண்களையும் டீகாலாக, அதாவது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப் படமாக, ஒட்ட வேண்டும். இதற்கு முன்னால் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கட்டாயம். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று மாட்டிக்கொண்டு வெள்ளி மினுக்கம் தெரியும்.

இந்திய வட்டத்தில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. பழைய கிட்டின் டீகால் மஞ்சளடித்திருந்தால் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் சில நாள் வெயில் படும்படி ஒட்டிவையுங்கள், வெளுத்துவிடும். ஊறவைக்கும் தண்ணீரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டினேன், காய்ந்ததும் ஒவ்வொரு வட்டத்தைச் சுற்றியும் வெள்ளையாக உப்பு வளையம். ஆர்ஓ தண்ணீரோ மழைத்தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். இருபது விநாடி முக்கி, எடுத்துத் தட்டில் வைத்து, தானாக நழுவும்வரை காத்திருங்கள். இடத்தில் வைத்த பிறகு மைக்ரோ சால் போன்ற மென்மையாக்கும் திரவத்தைத் தடவினால் சுருங்கி, பயம் காட்டி, பிறகு பெயின்ட்டோடு படியும். சுருங்கும்போது தொடாமல் இருப்பதுதான் கஷ்டம்.

எண் விஷயத்தில் ஒரு வார்த்தை. முழு எண் தெரியவில்லை என்றால் கற்பனையாக நிரப்பாதீர்கள். தெரியாத எண்ணைப் போட்டால் அது வேறொரு விமானம், வேறொருவருடைய கதை. நான் ஃபோட்டோவில் தெரிந்த 'C'யையும் இரண்டு எண்ணையும் மட்டும் போட்டு, மீதி இருக்க வேண்டிய இடத்தில் பெரியப்பாவின் சிறு உருவத்தை நிறுத்திவிட்டேன். ஃபோட்டோவில் மறைத்த தோள் இங்கேயும் மறைக்கிறது. எல்லாம் முடிந்ததும் மேட் வார்னிஷ் ஒரு பூச்சு.

தரையில் நிற்கிற விமானம்

பறக்கிற கோலத்தில் கம்பியில் மாட்டுவது பைலட்டுக்குச் சரி. ஃபிட்டருக்கு விமானம் என்பது தரையில் நிற்பது. பறந்துபோன பிறகு அவருக்கு வேலை காத்திருப்பதுதான். அதனால் சக்கரத்தை இறக்கி, சக்கர நடுவட்டில் சோவியத் பச்சையை அடித்து, முன்னாலும் பின்னாலும் சாக் (சக்கரம் உருளாமல் தடுக்கும் கட்டை) வையுங்கள். ஐஸ் குச்சியைச் சீவினால் மரச் சாக். மூக்குக்கு உறை, காகிதத்தில் வட்டம் வெட்டிச் சிவப்பு அடித்தால் ஆயிற்று. ஏணி கிட்டிலேயே இருந்தால் நல்லது, இல்லையென்றால் பித்தளைக் கம்பியை வளைத்து ஒட்டலாம்.

பிட்டோவை எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒட்டுங்கள். கிட்டில் வரும் பிளாஸ்டிக் பிட்டோ கண்டிப்பாக உடையும், சட்டை கையில் மாட்டியாவது உடையும். நான் ஊசிமருந்து போடும் மெல்லிய ஊசியை முனை மழுக்கி, மூக்கில் துளையிட்டுச் செருகினேன். அதன் மேல் சிவப்புத் துணி உறையும் தொங்கும் நாடாவும், பட்டுப் புடவைக் குஞ்சத்திலிருந்து எடுத்த இரண்டு இழை. இது வேண்டியதா என்று கேட்டால், கழற்றி மாட்டும் வேலையைத் தினமும் செய்தவருக்கு வேண்டியதுதான்.

ஆள் உருவத்துக்கு எந்த நாட்டுத் தரைப்பணியாளர் பொம்மைத் தொகுப்பையும் எடுத்துக் கையை வெட்டித் திருப்பி ஒட்டலாம். முகம் வரைய முயலாதீர்கள். கண்ணை வைத்தால் யாரோ ஆகிவிடுவார். நிற்கும் விதம் சரியாக இருந்தால் வீட்டார் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பெயர்ப்பலகையும் பெட்டியும்

பலகையில் பெயர், டிரேட், சேர்ந்த ஆண்டும் விலகிய ஆண்டும், இடம். நான்கு வரிக்கு மேல் வேண்டாம். வீரம், தியாகம் என்ற வார்த்தைகளைப் பொறிக்க எழுத்துக்கு இவ்வளவு என்று கடைக்காரர் காசு வாங்குவார். ஃபோட்டோவின் நகல் ஒன்றைப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், அதுவே பேசிக்கொள்ளும். ரேங்க்கை டிஸ்சார்ஜ் புக்கில் பார்த்துப் போடுங்கள், சொந்தக்காரர்கள் வாய்வழியாக எல்லோரையும் ஆபீசர் ஆக்கிவிடுவார்கள்.

அக்ரிலிக் பெட்டி இல்லாமல் வைக்காதீர்கள். தூசியைத் துணியால் தட்டுகிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. உள்ளே சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலம் போட்டு, வெயில் நேராக விழாத சுவரில் வையுங்கள். ஊருக்குக் கொண்டுபோகும்போது அடித்தளத்தை அட்டைப் பெட்டியின் அடியில் திருகாணியால் முடுக்கிவிடுங்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தெர்மாகோல் உருண்டையைக் கொட்டி நிரப்பினால் பிட்டோவும் ஏணியும் தனித்தனியாக வந்து சேரும்.

பெரியம்மா பெட்டியைப் பார்த்து முதலில் கேட்டது, "எந்த இறக்க அவரு அடிச்சது?" எனக்குத் தெரியவில்லை. அங்கேயே ஆவடி மாமாவுக்கு ஃபோன் போட்டு, வீடியோவில் இரண்டு பக்கத்தையும் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "வரி நேரா இருக்குல்ல, அது என்னுது. திட்டுத்திட்டா இருக்கறது உங்க பெரியப்பா" என்றார். திட்டாக இருந்தது அக்கா அடித்த இறக்கை.